வங்கியிலா, ஏஜெண்டிடமா, ஆன்லைனிலா: காப்பீட்டை எங்கே எடுப்பது?

வீட்டில் காப்பீடு பற்றிப் பேச்சு எடுத்தால் மூன்று குரல்கள் கேட்கும். பதினைந்து வருடமாகத் தெரிந்த ஏஜெண்ட், "நான் இருக்கேன்ல, கவலைப்படாதீங்க" என்பார். சம்பளக் கணக்கு வைத்திருக்கும் வங்கியிலிருந்து மேனேஜரே போன் செய்து, "நம்ம பிராஞ்ச்லயே நல்ல பிளான் வந்திருக்கு சார்" என்பார். வேலைக்குப் போகும் பிள்ளை, "ரெண்டு பேரும் வேண்டாம்ப்பா, ஆன்லைன்ல கம்மி" என்று சொல்லிவிட்டுப் போய்விடும். கேட்டுக்கொண்டிருப்பவர் ஒன்றும் எடுக்காமலே ஒரு வருடத்தைத் தள்ளிவிடுவார். இப்படித் தள்ளிப்போட்டுத் தவித்த குடும்பங்களை எனக்குத் தெரியும். அதனால்தான் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வங்கியில் காப்பீடு எடுப்பதே தப்பு என்று நான் நினைக்கவில்லை. சில பாலிசிகளுக்கு வங்கியைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் நமக்கு இது வேண்டும் என்று தெரிந்து, கேட்டு வாங்குவது ஒன்று. எஃப்.டி. போடவும் லாக்கர் திறக்கவும் போன இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவது வேறு. நான் பார்த்த வருத்தங்களில் பெரும்பாலானவை இரண்டாவது வகை.

## வங்கிக்குள் காப்பீடு வந்த வழி

தபால் துறை பாலிசியை விட்டுவிட்டால், 1956-லிருந்து ஆயுள் காப்பீடு என்றால் எல்.ஐ.சி. ஒன்றுதான். 1999-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்துக்கான ஐ.ஆர்.டி.ஏ. சட்டம் வந்து, 2000-ல் தனியாருக்குக் கதவு திறந்தது. வங்கிகளும் இதில் இறங்கலாம் என்று அதே ஆண்டில் ரிசர்வ் வங்கி விதிமுறை வெளியிட்டது. அதன்பின் வங்கிகள் இரண்டு வழியில் வந்தன.

ஒன்று, சொந்தமாகவே காப்பீட்டு நிறுவனம் தொடங்குவது. ஸ்டேட் வங்கி பிரான்ஸின் பி.என்.பி. பாரிபா கார்டிஃபுடன் சேர்ந்து 2001-ல் எஸ்.பி.ஐ. லைஃப் தொடங்கியது. கனரா வங்கி எச்.எஸ்.பி.சி.யுடன் கைகோத்தது. ஆக்சிஸ் வங்கி மேக்ஸ் லைஃபில் பங்கு வாங்கியது. 2024 இறுதியில் அந்த நிறுவனத்தின் பெயரே ஆக்சிஸ் மேக்ஸ் லைஃப் ஆனது. எதிர்த்திசையிலும் நடந்தது: 2019-ல் எல்.ஐ.சி. ஐ.டி.பி.ஐ. வங்கியின் பெரும்பான்மைப் பங்கை எடுத்துக்கொண்டது.

இன்னொன்று, பிறருடைய பாலிசியை விற்றுக் கொடுப்பது. கும்பகோணத்து சிட்டி யூனியன், கரூர் வைஸ்யா, தூத்துக்குடி மெர்க்கன்டைல் போன்றவை சொந்தக் காப்பீட்டு நிறுவனம் தொடங்காமல் இந்த வழியில் போயின. இதற்கு 'கார்ப்பரேட் ஏஜெண்ட்' என்று பெயர். 2016-லிருந்து ஒரு வங்கி ஆயுள், பொது, உடல்நலம் என ஒவ்வொரு வகையிலும் 3 நிறுவனங்களோடு ஒப்பந்தம் போடலாம் என்றிருந்தது. 2022-ல் அதை 9 ஆக்கினார்கள்.

வங்கிக்கு இதில் என்ன கிடைக்கிறது? கடன் கொடுத்தால் மூலதனம் ஒதுக்க வேண்டும், வாராக்கடன் பயம் இருக்கும். பாலிசி விற்றால் இவை எதுவும் இல்லாமல் கமிஷன் வந்துவிடும். தனியார் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களுக்குத் தனிநபர் பாலிசிகளில் வரும் புதுப் பிரீமியத்தில் பாதிக்கு மேல் இன்று வங்கிகள் வழியாகத்தான் வருகிறது. 2024 நவம்பரில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனே, தவறாகக் காப்பீடு விற்பதால் மக்கள் கடன் வாங்கும் செலவு மறைமுகமாகக் கூடுகிறது, வங்கிகள் தங்கள் அடிப்படை வேலையைக் கவனிக்க வேண்டும் என்று பேசும் அளவுக்கு இது வளர்ந்துவிட்டது.

ஒரு விஷயம் மட்டும் மனதில் இருக்கட்டும். பெயர்ப்பலகையில் ஒரே பெயர் இருந்தாலும் வங்கி வேறு, காப்பீட்டு நிறுவனம் வேறு. வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை உள்ள வைப்புக் காப்பீட்டுப் பாதுகாப்பு பாலிசிக்குக் கிடையாது.

## எதை வைத்து ஒப்பிடுவது

பிரீமியத்தை மட்டும் பார்த்தால் எப்போதும் ஆன்லைன்தான் ஜெயிக்கும். அது போதாது. நான் ஆறு கேள்விகளை வைத்துப் பார்ப்பேன்:

- எனக்குத் தேவையான பாலிசி அங்கே கிடைக்குமா, அல்லது அவர்களிடம் இருப்பதைத்தான் தருவார்களா?
- எத்தனை நிறுவனங்களை ஒப்பிட்டுப் பார்க்க முடியும்?
- விற்பவருக்கு எதிலிருந்து வருமானம்?
- விண்ணப்பப் படிவத்தை யார் நிரப்புகிறார்?
- நான் இல்லாதபோது என் குடும்பம் யாரிடம் போய் நிற்கும்?
- பிடிக்கவில்லை என்றால் வெளியே வர எவ்வளவு போகும்?

நாலாவது கேள்வியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் கிளைம் நிராகரிப்புக்கான விதை பெரும்பாலும் அந்தப் படிவத்தில்தான் விழுகிறது. சர்க்கரை நோய், பழைய ஆபரேஷன், சிகரெட் பழக்கம் ஆகியவற்றுக்கு நேரே 'இல்லை' என்று வேறொருவர் டிக் போட்டுவிட்டால், பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்துப் போட்ட நீங்கள்தான். காப்பீட்டுச் சட்டத்தின் 45-வது பிரிவுப்படி ஆயுள் பாலிசி 3 ஆண்டு ஓடிவிட்டால் நிறுவனம் அதைக் கேள்வி கேட்க முடியாது. அந்த 3 ஆண்டுக்குள் ஏதாவது நடந்தால் படிவத்தைத்தான் முதலில் புரட்டுவார்கள்.

## வங்கி கவுண்டர்

முதலில் நல்லதைச் சொல்கிறேன். பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டில் ஆண்டுக்கு 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பீடு கிடைக்கிறது. 18 முதல் 50 வயதுக்குள் சேரலாம். சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீடு 20 ரூபாய், அதற்கும் 2 லட்சம். 70 வயது வரை. வீட்டு வேலைக்கு வரும் அக்கா, ஆட்டோ ஓட்டும் தம்பி, கட்டட வேலை செய்பவர் என்று யாருக்கும் இது பொருந்தும். மருத்துவப் பரிசோதனை இல்லை, ஒரு படிவம், ஒரு கையெழுத்து. மே மாதக் கடைசியில் கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்வார்கள். அப்போது கணக்கில் பணம் இல்லாவிட்டால் அந்த ஆண்டுப் பாதுகாப்பு போய்விடும். இரண்டு வங்கியில் சேர்ந்திருந்தாலும் 2 லட்சம் ஒருமுறைதான் கிடைக்கும்.

இதைப் படிப்பவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். வீட்டில் யாராவது இறந்துவிட்டால் அவருடைய பாஸ்புக்கை எடுத்து மே, ஜூன் வரிகளைப் பாருங்கள். 436 என்றோ 20 என்றோ ஒரு பற்று இருந்தால் உடனே அந்தக் கிளைக்குப் போங்கள். அப்படி ஒரு வரி இருந்ததே தெரியாமல் விட்டுவிட்ட குடும்பங்கள் இருக்கின்றன.

சில வங்கிகள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கென்று குழு மருத்துவக் காப்பீடு வைத்திருக்கும். தனியாக எடுப்பதைவிடப் பிரீமியம் கணிசமாகக் குறைவாக இருக்கலாம், வயதானவர்களையும் சேர்க்கலாம். மறைவான செலவு என்னவென்றால், அந்தப் பாலிசி வங்கிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஒப்பந்தம் முறிந்தாலோ நிறுவனம் மாறினாலோ விதிமுறைகளும் பிரீமியமும் ஒரே நாளில் மாறும். 62 வயதில் அது நடந்தால் வெளியே புதிதாக எடுப்பது கஷ்டம். எனவே குழுக் காப்பீட்டைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், அதை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம்.

இனி மற்றப் பக்கம்.

என் பெரியப்பா திருவாரூர் பக்கம் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 10 லட்சம் ரூபாய் எஃப்.டி. முதிர்ந்தது என்று புதுப்பிக்கப் போனார். டோக்கன் எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரை உள்ளே அழைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். "வட்டி குறைஞ்சுகிட்டே வருது சார், இது அதைவிட நல்லது. அஞ்சு வருஷம் போட்டாப் போதும்" என்றார் மேசைக்கு எதிரே இருந்த இளைஞர். அவர் வங்கி ஊழியரே இல்லை, காப்பீட்டு நிறுவனம் அந்தக் கிளையில் உட்கார வைத்த ஆள் என்பது பிறகுதான் தெரிந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டிருந்தது, பதினொரு இடம். 2 லட்சம் முதல் பிரீமியமாகப் போனது. மீதி 8 லட்சத்தை எஃப்.டி.யில் போட்டார்கள், அடுத்த நான்கு வருடப் பிரீமியத்துக்கு. "நாளைக்கு ஒரு போன் வரும் சார், கேக்குற எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லிடுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்த போன் சாதாரணமானது கிடையாது. பாலிசி தருவதற்கு முன் விதிமுறைகள் புரிந்ததா என்று கேட்டுப் பதிவு செய்யும் அழைப்பு அது. நாளைக்குப் புகார் என்று போனால் அந்தப் பதிவைத்தான் எடுத்துப் போட்டுக் காட்டுவார்கள்.

பெரியப்பா விவரம் தெரியாதவர் இல்லை. முப்பது வருடம் சம்பளமும் அதன்பின் பென்ஷனும் வாங்கிய கட்டடம் அது. அங்கே உட்கார்ந்து பேசுபவர் தனக்கு நல்லதைத்தான் சொல்வார் என்று நம்பினார். வங்கி வழியாகக் காப்பீடு விற்பதன் பலமும் ஆபத்தும் அந்த நம்பிக்கைதான். இன்னொரு வசதியும் வங்கிக்கு இருக்கிறது: எந்தக் கணக்கில் எவ்வளவு பணம் எந்தத் தேதியில் முதிர்கிறது என்று அதற்குத் தெரியும். எந்த ஏஜெண்டுக்கும் அது தெரியாது.

பெரியப்பாவுக்கு விற்றதைப் போன்ற, முதிர்வில் பணம் திரும்ப வரும் சேமிப்பு பாலிசியின் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் 10 வருடம் கட்டினால் 15-வது வருட முடிவில் 17 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 10 போட்டு 17 வருகிறது, கேட்க நன்றாக இருக்கும். ஆண்டு வருமானமாகப் பார்த்தால் 5 சதவீதத்துக்குச் சற்றே மேல். அதே பணம் 7 சதவீத வட்டியில் வளர்ந்தால் 20.7 லட்சம் ஆகியிருக்கும். நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: எஃப்.டி. வட்டிக்கு வரி உண்டு, விதிகளுக்கு உட்பட்ட பாலிசியின் முதிர்வுத் தொகைக்கு வரி இல்லை. 30 சதவீத வரி கட்டுபவருக்கு 7 சதவீதம் என்பது கையில் 4.8 தான். அவருக்கு இந்தப் பாலிசி அவ்வளவு மோசம் என்று சொல்ல முடியாது. வரியே கட்டாத ஓய்வூதியருக்கு இது வேண்டவே வேண்டாம். அவருக்குத்தான் அதிகம் விற்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறாத கோபம்.

அப்புறம் பாதுகாப்பு. இப்படிப்பட்ட பாலிசியில் ஆயுள் காப்பீடு பெரும்பாலும் ஆண்டுப் பிரீமியத்தின் 10 மடங்கு அளவில் இருக்கும். 1 லட்சம் கட்டுபவருக்கு 10 லட்சம். இரண்டு பிள்ளைகள் படிக்கும் வீட்டுக்கு 10 லட்சம் எத்தனை நாளைக்கு வரும்?

பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 2024 அக்டோபரிலிருந்து வந்த புது விதிப்படி, ஒரு முழு வருடப் பிரீமியம் கட்டி அந்த வருடம் முடிந்திருந்தால் சரண்டர் செய்து ஓரளவு பணத்தைத் திரும்பப் பெறலாம். முன்பைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் கட்டியது முழுதாக வராது.

கடைசியாக, வங்கியில் விற்றவர் மூன்று வருடத்தில் மாற்றலாகிப் போய்விடுவார். அடுத்து வருபவருக்கு உங்கள் பாலிசியைப் பற்றி எதுவும் தெரியாது.

லாக்கருக்காகவோ கடனுக்காகவோ "ஒரு பாலிசி எடுத்துடுங்க" என்று சொன்னால் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. லாக்கருக்கு வங்கி கேட்கக்கூடியது 3 வருட வாடகைக்கும் உடைத்துத் திறக்கும் செலவுக்கும் ஈடான ஒரு டெபாசிட் மட்டும்தான் என்று 2021-ல் ரிசர்வ் வங்கி தெளிவாக எழுதியிருக்கிறது. வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதும், காப்பீட்டு நிறுவனம் வங்கி ஊழியருக்கு நேரடியாக ஊக்கத்தொகை தரக் கூடாது என்பதும் விதிதான். "கட்டாயம் என்று எழுதிக் கொடுங்கள்" என்று மரியாதையாகக் கேட்டாலே பெரும்பாலும் பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

## தெரிந்த ஏஜெண்ட்

ஏஜெண்டுகளைத் திட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கள் தெருவில் ஒருவர் மாரடைப்பில் போனபோது, பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை ஏஜெண்ட் வந்தார். தோள்பையிலிருந்து எல்.ஐ.சி.யின் 3783-ம் எண் கிளைம் படிவத்தை எடுத்து வைத்தார். அந்த அம்மாவிடம் பீரோ சாவியை வாங்கவில்லை. அவரையே பாலிசிப் பத்திரமான பாண்டைத் தேடி எடுக்கச் சொல்லிக் காத்திருந்தார். இறப்புச் சான்றிதழ், பாஸ்புக் நகல், கையெழுத்து எல்லாவற்றையும் சரிபார்த்து அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். ஆன்லைனில் எடுத்த பாலிசிக்கு இப்படி வீட்டுக்கு யாரும் வருவதில்லை.

குறைகளும் உண்டு. தனிநபர் ஏஜெண்ட் ஆயுள் காப்பீட்டில் ஒரு நிறுவனத்தின் பாலிசியைத்தான் விற்க முடியும். சேமிப்பு பாலிசியில் கமிஷன் தொகை பெரிது, டேர்ம் பாலிசியில் (குறித்த காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும், முதிர்வுத் தொகை இல்லாத பாலிசி) பிரீமியமே குறைவு என்பதால் கமிஷனும் சொற்பம்; அதனால் டேர்ம் பாலிசியை அவராக எடுத்துச் சொல்வது அபூர்வம். கேட்டால் தருவார். முதல் பிரீமியத்தில் ஒரு பங்கை அவரே போடுகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். காப்பீட்டுச் சட்டத்தின் 41-வது பிரிவுப்படி அப்படித் தள்ளுபடி கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். அவர் தொழிலை விட்டுவிட்டால் உங்கள் பாலிசி கவனிப்பாரில்லாமல் கிடக்கும் என்பது இன்னொரு ஆபத்து. எத்தனை வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறார், இதுதான் முழுநேர வேலையா என்று கேட்பதில் தப்பே இல்லை.

ஏஜெண்ட் சிறந்த தேர்வாகும் இடம்: குடும்பத்தில் படிவங்களைக் கையாளக்கூடியவர் நீங்கள் ஒருவர் மட்டும் என்றால். நீங்கள் இல்லாத நாளில்தான் பாலிசிக்கு வேலை வரும்.

## நிறுவனத்தின் இணையதளத்தில் நேரடியாக

டேர்ம் பாலிசிக்கு இதுதான் என் முதல் தேர்வு. நடுவில் கமிஷன் இல்லாததால் பல நிறுவனங்கள் ஆன்லைனில் குறைந்த பிரீமியம் வைத்திருக்கின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியங்களுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் நீங்கிவிட்டது. இது எந்த வழியில் எடுத்தாலும் பொருந்தும். 'எங்களிடம் எடுத்தால் வரி இல்லை' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

படிவத்தை நீங்களே நிரப்புகிறீர்கள். உண்மையை எழுதும் வரை அது பெரிய பலம். பிரீமியம் கூடுமே என்று சிகரெட்டை மறைத்தால் அதே படிவம் எதிரியாகிவிடும். மருத்துவப் பரிசோதனை கேட்டால் சலித்துக்கொள்ளாமல் போய் வாருங்கள். பரிசோதித்துவிட்டுத் தந்த பாலிசியில் பின்னால் சண்டை குறைவு.

இதன் மறைவான செலவு வீட்டில் இருப்பவர்களுக்கு எதுவும் தெரியாமல் போவது. பாலிசி மின்னஞ்சலில் இருக்கும், மின்னஞ்சல் போனில் இருக்கும், போனுக்குக் கடவுச்சொல் இருக்கும். எடுத்த அன்றே இரண்டு பக்கம் அச்சிட்டு, மேலே பேனாவால் பாலிசி எண்ணும் நிறுவனத்தின் கட்டணமில்லா எண்ணும் எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் உறையில் வையுங்கள். மனைவியோ கணவரோ கையில் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

தொழில் செய்பவர்கள், கடன் உள்ளவர்கள் விண்ணப்பத்தின்போதே 'திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம் 1874' என்ற விருப்பத்தைக் கேளுங்கள். அதன் கீழ் எடுத்த பாலிசிப் பணம் மனைவி, பிள்ளைகளுக்கே. கடன்காரர்கள் கைவைக்க முடியாது. பாலிசி வந்த பிறகு இதைச் சேர்க்க முடியாது.

## ஒப்பீட்டுத் தளங்களும் தரகர்களும்

சட்டப்படி ஏஜெண்ட் நிறுவனத்தின் ஆள், தரகர் வாடிக்கையாளரின் ஆள். பல நிறுவனங்களின் பாலிசிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இவர்கள் வசதி. மருத்துவக் காப்பீட்டுக்கு இது மிகவும் உதவும். அறை வாடகை வரம்பு, காத்திருப்புக் காலம் (ஏற்கெனவே உள்ள நோய்க்குச் செலவு தராத ஆரம்பக் காலம்), இணைப்பு மருத்துவமனை எல்லாம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆனால் இவர்களுக்கும் வருமானம் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து வரும் கமிஷன்தான். போன் எண்ணைக் கொடுத்த நிமிடத்திலிருந்து அழைப்புகள் தொடங்கிவிடும்.

## ஒரே பார்வையில்

| | வங்கி | ஏஜெண்ட் | நேரடி ஆன்லைன் | தரகர், ஒப்பீட்டுத் தளம் |
|---|---|---|---|---|
| தேர்வு | ஒப்பந்தம் உள்ள சில நிறுவனங்கள் | ஆயுளில் ஒன்று மட்டும் | அந்த ஒன்று மட்டும் | பல |
| டேர்ம் பாலிசி | கேட்டால் கிடைக்கும் | கேட்டால் கிடைக்கும் | சிறந்தது | நல்லது |
| படிவம் நிரப்புவது | பெரும்பாலும் அவர்கள் | பெரும்பாலும் அவர் | நீங்கள் | நீங்கள், போனில் உதவியோடு |
| கிளைம் நேரம் | ஆள் மாறியிருப்பார் | நல்லவர் என்றால் வீட்டுக்கே வருவார் | குடும்பமே செய்ய வேண்டும் | தரகரைப் பொறுத்து |
| மறைவான செலவு | எஃப்.டி. என்று நினைத்து எடுப்பது | தொழிலை விட்டுவிடுவது | வீட்டில் யாருக்கும் தெரியாமல் போவது | ஓயாத அழைப்புகள் |

## வீட்டுக் கடனோடு வரும் பாலிசி

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், கடன் கிடைக்கும் மகிழ்ச்சியில் யாரும் இதைப் படிப்பதில்லை. 30 லட்சம் கடன், 20 வருடம், 9 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். கடன் காப்பீட்டுக்கு (கடன் வாங்கியவர் இறந்தால் மீதிக் கடனை அடைக்கும் பாலிசி) ஒரே தவணைப் பிரீமியம் 90,000 என்று சொல்லி அதையும் கடனோடு சேர்த்துவிடுகிறார்கள். மாதத் தவணை 810 ரூபாய்தான் கூடுகிறது, யாருக்கும் உறுத்தாது. 240 மாதம் கட்டி முடிக்கும்போது அந்த 90,000-க்கு நீங்கள் கொடுத்தது 1.94 லட்சம்.

இந்தப் பாலிசியில் காப்பீட்டுத் தொகை கடன் குறையக் குறையத் தானும் குறையும். பணம் முதலில் வங்கிக்குப் போகும். வட்டி குறைவு என்று கடனை வேறு வங்கிக்கு மாற்றினால் பாலிசி என்ன ஆகும் என்று தனியாகக் கேட்க வேண்டும். அதே தொகைக்குத் தனி டேர்ம் பாலிசி எடுத்தால் கடன் முடிந்த பிறகும் பாதுகாப்பு நிற்கும், பணம் குடும்பத்தின் கைக்கு வரும், வருடா வருடம் கட்டலாம்.

ஆனால் வங்கி பாலிசி மேலானதாகும் சூழ்நிலையும் இருக்கிறது. 50-ஐத் தாண்டியவர், அல்லது உடல்நிலை காரணமாக டேர்ம் பாலிசி மறுக்கப்பட்டவர் என்றால், குழு முறையில் வரும் கடன் காப்பீடு சில நேரம் வெறும் உடல்நல உறுதிமொழியோடு கிடைத்துவிடும். அப்போது அதை விடக் கூடாது. பிரீமியத்தை மட்டும் கையிலிருந்து கட்டுங்கள், கடனில் சேர்க்க விடாதீர்கள். உறுதிமொழியில் உண்மையை எழுதுங்கள்.

வீட்டுக்கான தீ, வெள்ளக் காப்பீடு வேறு விஷயம். அதை எடுக்கச் சொல்லிக் கடன் ஒப்பந்தத்தில் இருக்கும், நியாயமும்கூட. 2015 வெள்ளத்தைச் சென்னையில் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2021-லிருந்து 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாம் தருகின்றன. விலையை விசாரித்து, எங்கே குறைவோ அங்கே எடுத்து நகலை வங்கியில் கொடுத்தால் போதும்.

## யாருக்கு எது

சம்பாதிக்கத் தொடங்கிய, திருமணமான, 30 வயதுக்காரர்: டேர்ம் பாலிசி ஆன்லைனில், மருத்துவக் காப்பீடு ஒப்பிட்டுப் பார்த்து. இரண்டுக்கும் வங்கி தேவையில்லை. தினக்கூலி வருமானத்தில் இருப்பவர்: 436-ம் 20-ம், வங்கியில், இன்றைக்கே. படிப்பு குறைந்த பெற்றோருக்குப் பாலிசி எடுப்பவர்: பக்கத்து ஊரில் அலுவலகமும் நம்பகமான ஏஜெண்டும் உள்ள நிறுவனம். பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டில் இருக்கும் நோய்களை முழுதாகச் சொல்லிவிடுங்கள். 2024 விதிப்படி அவற்றுக்கான காத்திருப்பு அதிகபட்சம் 3 வருடம்தான். ஓய்வு பெற்று மொத்தமாகப் பணம் வைத்திருப்பவர்: எங்கேயும் சேமிப்பு பாலிசி வேண்டாம்.

## ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டால்

பாலிசி ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள் உங்களுடையது. முன்பு பொதுவாக 15 நாளாக இருந்ததை 2024 ஏப்ரலிலிருந்து எல்லோருக்கும் 30 ஆக்கிவிட்டார்கள். இதற்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் முத்திரைத் தீர்வை, பரிசோதனைச் செலவு, பாதுகாப்பு இருந்த நாட்களுக்கான சிறு தொகை போக மீதி திரும்ப வரும். மின்னஞ்சலில் வந்தாலும் அன்றிலிருந்தே கணக்கு. எனவே படிவத்தில் உங்கள் மின்னஞ்சலும் போன் எண்ணும்தான் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

நாள் கடந்துவிட்டால் முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலும் 'பீமா பரோசா' தளத்திலும் புகார் பதியலாம். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பு அதிகாரி) அலுவலகம். 50 லட்சம் வரை தீர்ப்பளிக்கலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை. வங்கி நடந்துகொண்ட விதம் பற்றிய புகாருக்கு ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேன் தனி.

பெரியப்பா பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது மஞ்சள் பையில் அந்த பாண்டும் இருந்தது. "நாமினி பேர் சரியா போட்டிருக்காங்களா பாருப்பா" என்றுதான் கொடுத்தார். பெயர் சரியாகத்தான் இருந்தது. அதற்கு இரண்டு வரி கீழே, பிரீமியம் கட்ட வேண்டிய காலம் 10 வருடம் என்று இருந்தது. ஐந்து என்று நம்பிக்கொண்டிருந்தவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தார். கூரியர் உறையின் மேல் இருந்த தேதியிலிருந்து எண்ணினோம், 22-வது நாள். அன்றிரவே கடிதம் எழுதி, விடுமுறை முடிந்ததும் காப்பீட்டு நிறுவனத்தின் அலுவலகத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கினோம். வங்கியிலிருந்து இரண்டு முறை போன் வந்தது, வேறு பிளானுக்கு மாற்றித் தருகிறோம் என்று. பெரியப்பா வேண்டாம் என்றார்.

பணம் சிறு பிடித்தத்தோடு கணக்குக்கு வந்தது. குறைந்ததைக் கையிலிருந்து போட்டு, 8 லட்சம் எஃப்.டி.யையும் முடித்து, 10 லட்சத்தையும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டார். 8.2 சதவீத வட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய் வருகிறது. அந்தக் கணக்கை அவர் திறந்தது அதே கிளையில்தான், இரண்டாவது கவுண்டரில், படிவத்தைக் கேட்டு வாங்கி.